பழைய பிளானில் ஆர்.சி. விமானம்: வாசகர் கேள்வி – பதில்

ரேடியோ கட்டுப்பாடு பரவலாவதற்கு முந்தைய காலத்து மாடல் விமானங்களைப் பிளான் பார்த்துக் கட்டி, இன்றைய ரேடியோவும் மின்மோட்டாரும் வைத்துப் பறக்கவிடுவது பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: ஃபோம் டிரெய்னர் ஓட்டத் தெரியும். பால்சா மரத்தில் ஒரு பழைய மாடல் கட்ட ஆசை. எதில் தொடங்கலாம்? பிளானை ஃப்ளெக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் சரியாக வருமா?
*கல்லூரி மாணவர், மன்னார்குடி*

ஜூனியர் 60-ல் தொடங்குங்கள். பிரிட்டனின் கீல்கிராஃப்ட் நிறுவனத்துக்காக ஆல்பர்ட் ஹாட்ஃபுல் வடிவமைத்து 1946-ல் வெளிவந்தது. இறக்கையின் முழு நீளம் 60 அங்குலம், அதாவது 1524 மி.மீ. சட்டங்களால் கட்டிய உடல், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும் இறக்கை. இது ஃப்ரீ ஃப்ளைட் மாடலாகப் பிறந்தது. இன்ஜின் ஓடும்வரை ஏறி, நின்றதும் தானாகவே மிதந்து இறங்க வேண்டும். தரையிலிருந்து யாரும் அதற்கு உதவ முடியாது. ஆகவே சாய்ந்தால் தானே நிமிரும் குணத்தை வடிவத்திலேயே வைத்துவிட்டார்கள். உங்களுக்கு அது பெரிய துணை. 1200 கிராமுக்குள் கட்டினால் மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். எடை கூடினால் இந்தக் குணம் போய்விடும், மோட்டாரைப் பெரிதாக்கினாலும் திரும்பி வராது. கீழே எடையைப் பற்றி அடிக்கடி சொல்வது அதனால்தான்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். அது வெயிலில் நெகிழும், இழுத்துக் குத்தினால் நீளும். வீட்டு பிளான் எடுக்கும் பிளாட்டர் உள்ள ஜெராக்ஸ் கடையில் காகிதத்தில் எடுங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ என்பதை நீக்கி 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கடையை விட்டு வருவதற்கு முன் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்: இறக்கையின் ஒரு பாதி 30 அங்குலம் என்று பிளானில் இருந்தால் தாளில் 762 மி.மீ. இருக்க வேண்டும். நீளத்தில் மட்டும் அளந்தால் போதாது, குறுக்கிலும் அளக்க வேண்டும். பழைய பிளான்களின் ஸ்கேன் பலவும் ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருக்கும். அப்படி இருந்தால் ரிப்பின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) உயரம் ஒரு கணக்கிலும் நீளம் ஒரு கணக்கிலும் வரும், ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முக்கியக் குச்சி) பொருந்தாது.

பிளானில் ஒரு பக்க இறக்கை மட்டுமே வரைந்திருந்தால் தாளின் பின்புறம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கோடுகள் பின்னால் தெரியும்; திருப்பிப் போட்டு மறுபக்க இறக்கையைக் கட்டலாம். எந்தப் பக்கம் வைத்தாலும் மேலே மெல்லிய பாலித்தீன் விரித்துவிட்டே கட்டுங்கள், பசை தாளில் ஒட்டாது.

இன்னொன்று: பிளான் அங்குலத்தில், கடையில் கிடைக்கும் மரம் மில்லிமீட்டரில். 1/16 அங்குலம் 1.6 மி.மீ., உங்கள் கையில் இருப்பது 1.5. 1/8 அங்குலம் 3.2 மி.மீ., கையில் 3. ஆகவே ரிப்பில் ஸ்பாருக்கான வெட்டைப் பிளான் கோட்டின்படி போடாதீர்கள். ஸ்பார் குச்சியையே அதன்மேல் வைத்துக் குறித்து, கோட்டுக்கு உள்ளாகவே வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்துங்கள். தளர்வாக விழும் குச்சியைப் பசை பிடித்து நிறுத்தாது.

மூலப் பிளானில் ரடர் (இடம் வலம் திருப்பும் மடிப்பு), எலிவேட்டர் (மூக்கை மேலும் கீழும் அசைக்கும் மடிப்பு) இவற்றின் கீல் கோடுகள் இருக்காது. நீங்களே வரைய வேண்டும். வால் இறக்கையின் அகலத்தில் பின்பக்கக் கால்பங்கை எலிவேட்டராகவும், செங்குத்து வாலில் பின்பக்க மூன்றிலொரு பங்கை ரடராகவும் பிரித்தால் போதுமானது. அசைவு எலிவேட்டருக்கு மேலும் கீழும் 10 முதல் 12 டிகிரி, ரடருக்கு இருபுறமும் 20 முதல் 25 டிகிரி.

கேள்வி: ஒரே அளவு பால்சா தாள்களில் ஒன்று லேசாகவும் ஒன்று கனமாகவும் வருகிறது. எதை எங்கே பயன்படுத்துவது? நம் ஊர் நெட்டியை பால்சாவுக்குப் பதிலாகப் போடலாமா?
*வாசகர், தஞ்சாவூர்*

பால்சா ஒரே மரமானாலும் அடர்த்தியில் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கு மேல்கூட மாறும். ஆகவே வந்தவுடன் ஒவ்வொரு தாளையும் நிறுத்து, பென்சிலால் மேலேயே எழுதிவையுங்கள். 2 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், 1 மீட்டர் நீளமுள்ள தாள் 200 கன செ.மீ. அது 20 கிராம் இருந்தால் கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி, லேசான ரகம். 26 கிராம் இருந்தால் 130, நடுத்தரம். 32-க்கு மேல் போனால் 160-ஐத் தாண்டிய கடின ரகம். கடினமானதைத் தூக்கிப் போட வேண்டாம்: ஸ்பாரும், உடலின் நான்கு மூலைகளிலும் ஓடும் நீளச் சட்டங்களும் அதில்தான் வெட்ட வேண்டும். நடுத்தரம் உடலின் குறுக்குச் சட்டங்களுக்கும் லீடிங் எட்ஜுக்கும் (இறக்கையின் முன்விளிம்பு). லேசானது ரிப்புக்கும் வாலுக்கும்.

வாலில் மிகவும் கறாராக இருங்கள். எடைமையத்திலிருந்து (விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி) வால் இருக்கும் தூரம் மூக்கு இருக்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வாலில் கூடும் 10 கிராமுக்கு மூக்கில் 30 கிராம் ஈயம் கட்ட நேரும்; 40 கிராமும் ஒன்றுக்கும் உதவாத சுமை.

உடலின் நீளச் சட்டங்கள் நான்கும் ஒத்திருக்க வேண்டும். வெட்டியபின் ஒவ்வொன்றின் ஒரு முனையையும் மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, மறுமுனை எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். ஒன்று 20 மி.மீ. தொங்கி மற்றொன்று 35 மி.மீ. தொங்கினால் அவ்விரண்டையும் இடம் வலமாக வைக்காதீர்கள். கட்டும்போது நேராகத் தெரியும் உடல், பலகையிலிருந்து எடுத்ததும் கடினமான சட்டத்தின் இழுப்புக்கு ஒரு பக்கமாக வளைந்துவிடும்.

தாளின் முகத்தில் மினுங்கும் சிறு புள்ளிகள் அடர்ந்திருந்தால் அது குறுக்கே வளையாத ரகம். ரிப்புக்கு அதுவே உயர்ந்தது. உருளையான இடத்தில் அதை வளைத்து ஒட்டப் பார்த்தால் பிளந்துவிடும்.

நெட்டி பற்றி: பால்சாவை விடவும் லேசானதுதான், ஆனால் அது நீர்ச்செடித் தண்டின் மென்பகுதி. நீள நார் இல்லை, இழுவிசையைத் தாங்காது. ஸ்பார், ரிப், சட்டம் எதற்கும் கூடாது. காக்பிட்டில் உட்காரும் விமானியின் தலை, மூக்கில் ஒட்டும் பொய் இன்ஜின் சிலிண்டர் இவற்றுக்குத் தாராளமாகப் போடுங்கள். கூரான கத்தியால் அழகாகச் செதுக்க வரும். தஞ்சை நெட்டிக் கைவினை வெளியே பெயர் வாங்கியதும் அந்த மென்மையால்தான். மூங்கிலும் சட்டத்துக்குக் கனம் அதிகம். இறக்கை ரப்பர் பேண்டை மாட்டும் குறுக்குக் குச்சிக்கு 6 மி.மீ. மூங்கில் மிக நல்லது.

கேள்வி: விக் ஸ்மீட் 1950-ல் வடிவமைத்த டாம்பாய் பிளான் கிடைத்தது. 36 அங்குல இறக்கை சின்னதாக இருக்கிறது. ஒன்றரை மடங்காகப் பெரிதாக்கலாமா?
*வாசகர், பாபநாசம்*

ஆக்கலாம், 54 அங்குலம் வரும். இறக்கைப் பரப்பு 2.25 மடங்காகும். எல்லா மரத்தையும் அதே விகிதத்தில் தடிமனாக்கினால் எடை 3.4 மடங்காகிவிடும், அங்கேதான் பலர் விமானத்தைக் கெடுக்கிறார்கள். ரிப் 1.5 மி.மீ. இருந்தால் 2 போதும், 2.25 வேண்டாம். ஸ்பாரை மட்டும் முழு விகிதத்தில் பெரிதாக்குங்கள், வளைவுச் சுமை அதன்மேல்தான் விழுகிறது. ரிப்புகளின் இடைவெளி கூடும் என்பதால் லீடிங் எட்ஜுக்குப் பின்னால் பாதிநீள ரிப் ஒன்றை இடையிடையே சேர்த்தால் மேலுறை உள்வாங்காது.

கேள்வி: அந்தக் காலத்தில் பட்டுத்துணி போர்த்தி டோப் பூசுவார்களாமே. எங்கள் ஊரில் பட்டுக்குப் பஞ்சமில்லை. சேலைத் துணியைப் போர்த்தலாமா? டோப் எங்கே கிடைக்கும்?
*நெசவாளர் குடும்பத்து வாசகி, திருபுவனம்*

சேலைப் பட்டு வேண்டாம், கனம் அதிகம். சரிகை இல்லாத, முறுக்கில்லாத நூலில் நெய்த, கையை வைத்தால் ரேகை தெரியும் அளவுக்கு மெல்லிய வெற்றுப் பட்டு வேண்டும். சதுர மீட்டருக்கு 20 முதல் 25 கிராம் இருந்தால் சரி. சோதிப்பது எளிது: 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி, நகை நிறுக்கும் தராசில் வையுங்கள். 0.20 முதல் 0.25 கிராம் காட்டினால் அதுதான் உங்கள் துணி. அரை கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 60 அங்குல விமானத்துக்குப் போர்த்தும் பரப்பு சுமார் 1.3 சதுர மீட்டர்; துணி 30 கிராம், பூச்சு 80 கிராம், மொத்தம் 110-ல் முடிய வேண்டும்.

டோப் என்பது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. மர பாலிஷ் கடைகளில் கிடைக்கும் நிறமற்ற என்.சி. லேக்கர் அதே குடும்பம். தனியாகப் பூசினால் சில மாதத்தில் உடையும் தன்மைக்கு வரும். 100 மில்லி லேக்கருக்கு 2 முதல் 3 மில்லி விளக்கெண்ணெய் கலந்தால் நெகிழ்வு இருக்கும். தின்னர் சம அளவு சேருங்கள். பூசும் அறையில் சாமி விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் இருக்கக்கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அந்த ஆவி எரியக்கூடியது, தலைவலியும் தரும்.

முறை இது. முதலில் துணி தொடப்போகும் மரவிளிம்புகளில் மட்டும் லேக்கர் மூன்று கை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்ததும் 400-ம் எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். பட்டை நீரில் நனைத்துப் பிழிந்து, நெசவின் பாவு இழை இறக்கையின் நீளத்தோடு போகுமாறு விரியுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். விளிம்பில் தின்னர் தொட்ட பிரஷ்ஷை ஓட்டினால் அடியிலுள்ள லேக்கர் இளகி, துணி வழியே மேலே வந்து பிடித்துக்கொள்ளும். ஈரம் காயும்போது பட்டு தானாகவே விறைக்கும். பிறகு நீர்த்த லேக்கர் நான்கு கை. முதல் கையை அரைகுறை ஈரமுள்ள பிரஷ்ஷால் இழுங்கள். அதிகமாகத் தோய்த்தால் பூச்சு இழைகளின் ஊடே இறங்கி எதிர்ப்பக்கத் துணியின் உள்பக்கம் சொட்டி, அந்த இடம் சுருங்கி வடுவாகிவிடும். மேலும் கீழும் ஒரே நாளில் பூசி, இறக்கையைப் பலகையில் பொருத்தி வைத்தே காயவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அந்தப் பக்கம் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

பூச்சு வெள்ளையாகப் பூத்துப்போனால் காரணம் காற்றின் ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் இது நடந்தே தீரும். அந்த மாதங்களில் சட்டம் கட்டுங்கள், பூச்சைத் தை பிறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களிலும் காலை 10 மணிக்கு மேல், பிற்பகல் 3 மணிக்குள் பூசுவது நல்லது. ஏற்கெனவே பூத்துவிட்டதா? வெயில் காய்ந்த ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை லேசாக ஒரு கை இழுங்கள், தெளிந்துவிடும்.

கேள்வி: பழைய டீசல் மாடல் இன்ஜின் ஒன்று இருக்கிறது. அதையே போடலாமா?
*வாசகர், மயிலாடுதுறை*

காட்சிக்கு வையுங்கள். அதன் எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறத்தாழச் சமமாகக் கலந்தது. ஈதரை வீட்டில் வைத்துக் கையாள்வது ஆபத்து. பட்டுப் போர்த்திய விமானத்தை மின்மோட்டாரில் பறக்கவிட்டால் எண்ணெய் ஊறி மரம் கெடாமல் இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

கேள்வி: 60 அங்குல விமானத்துக்கு எந்த மோட்டார், எந்த பேட்டரி? எடைமையம் எங்கே வர வேண்டும்? பிளானில் பாதி இறக்கை அகலத்தில் குறி இருக்கிறது, நண்பர்கள் மூன்றிலொரு பங்கு என்கிறார்கள்.
*வாசகர், பட்டுக்கோட்டை*

இந்த வகைக்கு ஒரு கிலோவுக்கு 150 முதல் 180 வாட் போதும். 1.2 கிலோ விமானத்துக்கு 180 முதல் 215 வாட். 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சுமையில் 11 வோல்ட் தரும் என்றால் 16 முதல் 20 ஆம்பியர். 3536 அளவு, 900 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 900 சுற்று) அளவிலான பிரஷ்லெஸ் மோட்டார், 11-க்கு 5.5 அங்குல புரொபெல்லர், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 2200 எம்.ஏ.எச். பேட்டரி. வாட் மீட்டர் வைத்து முழு திராட்டிலில் (மோட்டாரின் முழு வேகத்தில்) சில விநாடி அளந்துபாருங்கள். 25 ஆம்பியரைத் தாண்டினால் 10 அங்குல புரொபெல்லருக்கு இறங்குங்கள். மிதந்து பறக்கும்போது சராசரி 8 ஆம்பியர்தான் போகும். பேட்டரியில் 80 சதவீதம் மட்டும் செலவழித்தால் 13 நிமிடம் வரும். டைமரை 10 நிமிடத்துக்கு வையுங்கள்.

எடைக் கணக்கு இப்படி அமைய வேண்டும்: மரச்சட்டம் 520 கிராம், மேலுறையும் பூச்சும் 110, சக்கரமும் கம்பியும் 130, மோட்டார் புரொபெல்லரோடு 140, ஈ.எஸ்.சி. 35, பேட்டரி 185, இரண்டு சர்வோ (ரடரையும் எலிவேட்டரையும் அசைக்கும் சிறு மோட்டார்) 40, ரிசீவர் 12, தள்ளுகம்பிகளும் சில்லறையும் 30. கூட்டினால் 1202. இறக்கை 37 சதுர டெசிமீட்டர் என்றால் சதுர டெசிமீட்டருக்கு 32 கிராம். 35 வரை சுகமாக இருக்கும். 45-ஐத் தாண்டினால் பெயர்தான் ஜூனியர் 60, பறப்பது வேறு விமானம்.

எடைமையத்தில் நீங்களும் உங்கள் நண்பர்களும் சொல்வது இரண்டுமே காரணம் உள்ளவை. பழைய ஃப்ரீ ஃப்ளைட் மாடல்கள் பலவற்றில் வால் இறக்கையும் மேலெழும் விசையைத் தரும்படி வளைவோடு இருக்கும். எனவே எடைமையத்தைப் பின்னால் தள்ளினார்கள். ரேடியோவில் ஓட்டும்போது அவ்வளவு பின்னால் இருந்தால் எலிவேட்டர் கூர்மையாகிவிடும், வேகம் மாறும்போது மூக்கு அலையும். இறக்கை அகலம் 250 மி.மீ. என்றால் லீடிங் எட்ஜிலிருந்து 88 முதல் 100 மி.மீ.க்குள் தொடங்குங்கள், அதாவது 35 முதல் 40 சதவீதம். பறந்தபின் 5 மி.மீ. 5 மி.மீ.யாகப் பின்னால் நகர்த்தலாம்.

ஈயம் கட்டாமல் பேட்டரியை நகர்த்தியே இதைச் சாதிக்கலாம். 185 கிராம் பேட்டரியை 50 மி.மீ. முன்னே தள்ளினால் 1200 கிராம் விமானத்தின் எடைமையம் ஏறக்குறைய 7.5 மி.மீ. முன்னே வரும். ஆகவே உடல் கட்டும்போதே ஃபயர்வாலுக்கு (மோட்டார் பொருத்தும் முன்பலகை) பின்னால் 200 மி.மீ. நீளத்துக்கு பேட்டரித் தட்டு விட்டுவையுங்கள். கட்டி முடித்தபின் இடம் தேடினால் கிடைக்காது.

கேள்வி: திராட்டிலைக் கூட்டினால் விமானம் செங்குத்தாக ஏறி லூப் போடப் பார்க்கிறது. எலிவேட்டர் டிரிம்மைக் கீழே தள்ளிச் சரிசெய்தேன். இப்போது மோட்டாரை நிறுத்தினால் வேகமாக மூக்கு குத்தி இறங்குகிறது. எடைமையம் சரியாகவே இருக்கிறது. என்ன தவறு?
*வாசகர், சீர்காழி*

டிரிம்மில் (எலிவேட்டரின் நடுநிலையை மாற்றிவைக்கும் திருத்தம்) கை வைத்ததுதான். அதை நடுவுக்கே கொண்டுவந்துவிடுங்கள். கோளாறு மோட்டாரின் சாய்வில் இருக்கிறது.

இந்த விமானங்கள் ஒரே வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. இறக்கை முன்பக்கம் 3 டிகிரி தூக்கியிருக்கும், வால் 0-வில் இருக்கும். மேலெழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும்: மணிக்கு 25 கி.மீ.யிலிருந்து 35-க்குப் போனால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த அதிக விசை விமானத்தை மேலே வளைக்கிறது. அந்தக் காலத்தில் சிறிய இன்ஜின், வேகம் அதிகம் கூடாது. இப்போது நாம் போடும் மோட்டாருக்கு வலு அதிகம். டிரிம்மால் அதை அடக்கினால் மோட்டார் நின்றபின்னும் டிரிம் அங்கேயே இருக்கும், விமானம் குத்தும். மோட்டாரையே கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டால் அது ஓடும்போது மட்டும் மூக்கைக் கீழே இழுக்கும், நின்றதும் ஒன்றும் செய்யாது.

அளவு: கீழே 3 முதல் 5 டிகிரி, வலப்புறம் 2 டிகிரி. மோட்டார் மவுண்ட்டின் மேல் போல்ட்டுகளுக்குப் பின்னால் வாஷர் சேர்த்தால் தண்டு கீழ்நோக்கும். மேல், கீழ் போல்ட்டுகளின் இடைவெளி 25 மி.மீ. என்றால் 1 மி.மீ. வாஷர் 2.3 டிகிரி தரும். விமானியின் இடத்திலிருந்து பார்க்கும்போது இடப்புற போல்ட்டுக்குப் பின்னால் சேர்த்தால் வலப்புறம் திரும்பும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் மோட்டார் இல்லாமல் மிதப்பைச் சரிசெய்யுங்கள். போதிய உயரத்தில் திராட்டிலை முழுக்கக் குறைத்து, கைவிட்டால் நேராக, தலை ஆட்டாமல் இறங்க வேண்டும். அது சரியானபின் வாஷரைத் தொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாஷர் மட்டும். பாதி திராட்டிலில் மட்டமாகவும், முழு திராட்டிலில் 20 டிகிரி அளவில் சீராக ஏறியும் போனால் நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பின்னும் சந்தேகமிருந்தால் மோட்டாரை நிறுத்தி, மூக்கை 30 டிகிரி கீழே தள்ளிக் கையை எடுத்துப் பாருங்கள். மெல்ல நிமிர்ந்தால் நல்லது. சட்டென்று மேலே பாய்ந்தால் எடைமையம் இன்னும் முன்னால் இருக்கிறது, இறக்கைக்கும் வாலுக்கும் இடையிலான கோண வேறுபாடும் அதிகம்: பேட்டரியை 10 மி.மீ. பின்னே தள்ளி, வால் இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில் 1 மி.மீ. பால்சாத் துண்டு வையுங்கள். இன்னும் செங்குத்தாகக் குத்தப் பார்த்தால் உடனே நிமிர்த்தி இறக்கிவிடுங்கள். எடைமையம் மிகப் பின்னால் இருக்கிறது.

கேள்வி: எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு) சேர்க்கலாமா?
*வாசகர், பேராவூரணி*

வேண்டாம். இறக்கை நுனிகள் இவ்வளவு உயர்ந்திருக்கும் விமானத்தில் ரடர் கொடுத்தாலே சாய்ந்து திரும்பும். எய்லரான் எடையைத்தான் கூட்டும். ரடர் சர்வோவை ரிசீவரில் எய்லரான் சேனலில் செருகுங்கள், டிரெய்னரில் பழகிய வலது கைக்கே திருப்பம் வந்துவிடும்.

கேள்வி: எங்கே, எப்போது பறக்கவிடலாம்? சுற்றிலும் வயல். போன முறை அறுவடைத் தாளில் இறக்கியபோது குப்புற விழுந்து சக்கரக் கம்பி பின்னால் மடங்கியது.
*விவசாயி, திருத்துறைப்பூண்டி*

முதலில் சட்டம். 2021 ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாடல்களையும் கணக்கில் எடுக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். பச்சையில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி வேண்டியதில்லை. தஞ்சாவூர் விமானப்படைத் தளம், திருச்சி விமான நிலையம் ஆகியவற்றின் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் பார்க்காமல் கிளப்பவே கூடாது. பதிவு பற்றிய விதிகளையும் அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். அடியில் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். விமானத்தைத் தேடி அதற்குள் நடப்பது அடுத்தவர் விளைச்சலை மிதிப்பது. பயறு எடுத்தபின், சித்திரை தொடங்கி, வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை உள்ள தரிசுக் காலம்தான் நம் பகுதிக்கு உகந்தது. வயல்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மின்கம்பி, மோட்டார் கொட்டகைக்குப் போகும் ஒயர், தென்னை வரிசை இவை காற்று வரும் திசையில் இல்லாத இடமாகப் பாருங்கள்.

நேரம் காலை 6 முதல் 8. கடலோர ஊர்களில் வெயில் ஏறியபின் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று மணிக்கு 25 கி.மீ. வீசினால் உங்கள் விமானத்தின் வேகமும் அதுவே. எதிர்த்து ஓட்டினால் ஒரே இடத்தில் நிற்கும், காற்று போகும் பக்கம் போய்விட்டால் திரும்பாது. வேப்பங்கொழுந்து அசைவதை வைத்துக் கணக்குப் போடாமல், கையடக்கக் காற்றுமானியில் 12 கி.மீ.க்குக் கீழ் காட்டினால் மட்டும் கிளப்புங்கள்.

சித்திரை வெயிலில் 10 மணிக்கு மேல் தரிசிலிருந்து வெப்பக்காற்று எழும். செம்பருந்து சிறகடிக்காமல் வட்டமிடும் இடம் அது. லேசான விமானம் அதில் மாட்டினால் மோட்டார் இல்லாமலே ஏறிக்கொண்டு போகும். பயந்து மூக்கைக் குத்தி வேகமாக இறக்காதீர்கள், ரப்பர் பேண்டில் நிற்கும் இறக்கை அந்த வேகத்துக்கானதல்ல. மூக்கை லேசாகத் தாழ்த்தி, காற்று வரும் திசையை நோக்கி நேராக ஓட்டினால் அந்தத் தூணைவிட்டு வெளியே வந்துவிடலாம்.

தாளில் குப்புற விழுவதற்குக் காரணம் சிறிய சக்கரம். குறைந்தது 80 மி.மீ. விட்டம் வேண்டும். கம்பி 10-ம் எண் பியானோ கம்பி, 3.25 மி.மீ. சக்கர அச்சு இறக்கையின் லீடிங் எட்ஜுக்கு நேர் கீழேயோ கொஞ்சம் முன்னாலோ இருக்கட்டும். கம்பி மடங்கியது நல்லதே, மடங்கியிராவிட்டால் ஃபயர்வால் பிய்ந்திருக்கும். அதை வெப்பம் காட்டி நிமிர்த்தாதீர்கள், விறைப்பு போய்விடும். வைஸில் பிடித்துக் குளிர்ந்த நிலையிலேயே வளையுங்கள். இறக்கைக்குப் பக்கத்துக்கு நான்காக எட்டு ரப்பர் பேண்ட், கடைசி ஜோடியைக் குறுக்காக. வெயிலில் ரப்பர் சீக்கிரம் இற்றுப்போகும், ஒவ்வொரு நாளும் புதிது போடுங்கள்.

கேள்வி: வாய்க்காலில் விழுந்துவிட்டது. என்னவெல்லாம் பிழைக்கும்?
*வாசகர், ஆடுதுறை*

எடுத்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். மரம் பிழைக்கும்: நிழலில், காற்றோட்டத்தில், இறக்கையைச் சமதளத்தில் வைத்து மூன்று நாள் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் முறுக்கும். ரிசீவரையும் சர்வோக்களையும் திறந்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, காயவைத்துச் சோதியுங்கள். மோட்டாரின் பேரிங்கில் மணல் இருந்தால் மாற்றுங்கள். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் மணல் வாளியில் ஒரு நாள் வெளியே வையுங்கள். உப்பியிருந்தால் பயன்படுத்தவே கூடாது. வேதாரண்யம் பக்கம் உவர்நீரில் விழுந்திருந்தால் ஈ.எஸ்.சி.யையும் பேட்டரியையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மழைக்காலம் முழுவதும் பரணில் இருந்த இறக்கையின் ஒரு நுனி முறுக்கியிருக்கிறது. பறக்கவிடலாமா?
*வாசகர், நாகப்பட்டினம்*

எந்தப் பக்கம் முறுக்கியது என்பதைப் பொறுத்தது. இறக்கையைச் சமமான பலகையில் வைத்து, நுனியின் டிரெய்லிங் எட்ஜ் (பின்விளிம்பு) பலகையிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று இரு பக்கமும் அளங்கள். இரண்டும் 3 மி.மீ. அளவுக்கு ஒரேபோல உயர்ந்திருந்தால் கவலையில்லை, மெதுவாகப் பறக்கும்போது நுனி கடைசியாகத்தான் விசையை இழக்கும். ஒரு பக்கம் மட்டும் டிரெய்லிங் எட்ஜ் கீழே இறங்கியிருந்தால் பறக்கவிடாதீர்கள். சாதாரண வேகத்தில் அந்தப் பக்கம் மேலே தூக்கும், நீங்கள் ரடரால் சமாளிப்பீர்கள். இறங்க வேகம் குறைக்கும்போது அதே பக்கம் முதலில் விழும், அதுவும் தரைக்குப் பக்கத்தில்.

பட்டும் லேக்கரும் போர்த்திய இறக்கை என்றால் இட்லிப் பானை ஆவியில் அந்தப் பகுதியை ஒரு நிமிடம் காட்டி, முறுக்குக்கு எதிர்த்திசையில் இரண்டு மடங்கு திருகி, ஆறும்வரை பிடித்திருங்கள். ஆறியபின் பலகையில் எடைவைத்து ஓர் இரவு விடுங்கள். வெப்பத்தில் இறுகும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியது என்றால் இன்னொருவர் திருகிப் பிடிக்க, இரு பக்கமும் அயர்ன் ஓட்டி மறுபடி இறுக்குங்கள்.

அடுத்த மழைக்குப் பரணில் போடாதீர்கள், சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள். இரண்டு இடத்தில் துணி நாடா கட்டி, லீடிங் எட்ஜ் கீழே இருக்கும்படி உள்அறையில் தொங்கவிட்டு, மேலே பாலித்தீன் உறை போடுங்கள். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, தனியே மண்சட்டியில் வையுங்கள்.